மாம்பலத்து ஏரியும் செஞ்சிக்கு வராத ரயிலும்

1

எங்கள் ஊர் வல்லம். தஞ்சாவூர்ப் பக்கத்து வல்லம் என்று நினைத்துக்கொண்டு கேட்பவர்கள் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் அருகே தொழிற்பேட்டை வந்திருக்கும் வல்லமா என்றும் கேட்பார்கள். இது செஞ்சி வட்டத்து வல்லம். ஏரிக்குக் கீழே எங்கள் குடும்பத்துக்கு 60 சென்ட் கழனி இருக்கிறது. ஏரி நிரம்பின வருஷம் நெல்லு, நிரம்பாத வருஷம் மல்லாட்டை. அப்பா காலத்துக் கணக்கு இவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு பக்கத்துக் கழனியில் கல் நட்டார்கள். மஞ்சள் பெயின்ட் அடித்த கல், கலர் கலராய்க் கொடி, நடுவில் ஒரு தட்டி. 'உத்தேச ரயில் நிலையம் மிக அருகில்' என்று தட்டியில் எழுதியிருந்தது. நான் சிரித்துவிட்டேன். ஏனென்றால் செஞ்சிக்கு ரயிலே கிடையாது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டருக்குப் புதிய பாதை என்று 2006-07 ரயில்வே நிதிநிலை அறிக்கையில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ தேர்தல் வந்து போயிற்று, எல்லாக் கட்சி மேடையிலும் அந்த ரயில் ஓடியது, தண்டவாளத்தில் ஓடவில்லை. சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. ரயில் வரவில்லை, ஆனால் ரயிலின் விலை வந்து சேர்ந்துவிட்டது. என் தம்பி அன்று இரவே கேட்டான்: "அண்ணே, நம்மளுதையும் கேக்குறாங்க. இன்னா சொல்றது?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன். பதில் செஞ்சியில் மட்டும் கிடைக்காது. ரயிலும் ஊரும் நிலமும் நீரும் ஒன்றோடொன்று மோதிய வேறு இடங்களின் வரலாற்றையும் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

2

போக்குவரத்தை நடுவில் வைத்து நகரத்தைத் திருப்பிக் கட்டுவது என்பது இன்று உலகம் முழுக்க ஒரு சொல்லாடலாக, கிட்டத்தட்ட ஒரு நம்பிக்கையாகவே, நிலைபெற்றிருக்கிறது. நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்துக்குள், அதாவது 500 முதல் 800 மீட்டருக்குள், வீடும் கடையும் அலுவலகமும் நெருக்கமாகவும் உயரமாகவும் அமைய வேண்டும். வண்டி வைத்திராதவரும் அங்கே வாழ முடிய வேண்டும். ரயிலால் ஏறுகிற நிலமதிப்பில் ஒரு பங்கை அரசு வாங்கி ரயிலுக்கே செலவிட வேண்டும் என்பது இதன் சாரம். இந்திய அரசு 2017-ல் இதைத் தேசியக் கொள்கையாக வெளியிட்டது. பெயரைப் பரவலாக்கியவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பீட்டர் கால்தோர்ப். அவருடைய நூல் 1993-ல் வந்தது. காரை நம்பி அகன்று போன அமெரிக்கப் புறநகருக்கு மாற்று மருந்தாக அவர் இதை முன்வைத்தார்.

பெயர்தான் புதிது, வேலை பழையது. ஜப்பானில் கோபயாஷி இச்சிஸோ என்பவரின் கம்பெனி 1910-ல் ஒசாகாவுக்கு வெளியே ரயில் பாதை போட்டது. அந்தப் பக்கம் அப்போது பயணிகளே இல்லை. பாதையோரத்து நிலத்தை முன்னதாகவே வாங்கி வைத்து, வீட்டுமனையாகத் தவணைக்கு விற்றார்கள். வீடு வாங்கினவர் பயணியானார். ரயில் ஆளைச் சுமந்த மாதிரி, ஆள் ரயிலைச் சுமந்தார். லண்டனின் மெட்ரோபாலிட்டன் ரயில்வேயும் அதே காலத்தில் இதே வியாபாரத்தைச் செய்தது.

இதன் நன்மைகளை நாம் மழுப்பக் கூடாது. சூழல் பேசுகிற நண்பர்கள் பலரும் இந்த இடத்தில் அவசரப்படுகிறார்கள். நூறு பேர் நூறு மோட்டார் சைக்கிளில் போவதற்கும் ஒரு ரயில் பெட்டியில் போவதற்கும் எரிபொருளில், புகையில், சாவில் உள்ள வித்தியாசம் சின்னது அல்ல. நெருக்கமாக வாழ்கிற நகரம் தின்கிற நிலமும் குறைவு. பத்து மாடியில் அடங்குகிற குடும்பங்கள் பத்து ஏரி ஆயக்கட்டில் பரவாமல் இருக்கலாம். இதற்கு மேல் நம் நாட்டுக்கே உரிய ஒரு நன்மையும் உண்டு. பஸ் எங்கே நிற்க வேண்டும், ஊர்த்தெருவிலா காலனியிலா என்பதே தகராறாகிற நிலத்தில், டிக்கெட் வாங்கினவன் உட்காரலாம் என்கிற ரயில் பெட்டி ஒரு சமூகச் சம்பவம். அதுவும் தானாக வந்துவிடவில்லை. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கென்று தனியிடம் ஒதுக்கிய வழக்கம், பெரியார் இயக்கத்தார் போராடி 1941-ல்தான் ஒழிந்தது.

எனவே ரயில் வேண்டுமா வேண்டாமா என்பது என் கேள்வியாக இல்லை. வெளி என்பது முன்பே காலியாகக் கிடக்கும் பாத்திரம் அன்று, சமூக உறவுகள் அதை உற்பத்தி செய்கின்றன என்று ஹென்றி லெஃபெவ்ர் 1974-ல் வாதிட்டார். அந்த வாதத்தை எங்கள் ஊர்ப் பேச்சில் இப்படிக் கேட்கலாம்: ரயில் வந்து நின்றதும் அதைச் சுற்றிக் கட்டுவதற்கு 'காலி இடம்' எங்கிருந்து கிடைக்கிறது? அதைக் காலி என்று சொன்னது யார்?

3

என் சித்தப்பா 1970களில் பிழைக்கப் போனது மாம்பலத்துக்கு. திண்டிவனத்தில் ரயிலேறி, தாம்பரத்தில் மின்ரயில் மாறி, மாம்பலத்தில் இறங்கினால் எதிரே ரங்கநாதன் தெரு. அங்கே ஒரு பாத்திரக் கடையில் மூட்டை தூக்கினார். ராத்திரி கடை வாசலிலேயே படுக்கை. ஊருக்கு வரும்போதெல்லாம் எங்களிடம் சொல்வார்: "அந்தத் தெருவுல கடக்கால் எடுத்தா இடுப்பளவுல தண்ணி ஊறுது. ஏரிக்குள்ளதான்டா நாங்க மூட்டை தூக்கறோம்." நாங்கள் கதை என்றுதான் நினைத்தோம். பிற்பாடு படித்தபோது, அவர் சொன்னதில் கதை எதுவும் இல்லை என்று தெரிந்தது.

நுங்கம்பாக்கத்துப் பக்கமிருந்து சைதாப்பேட்டையை நோக்கி வில்லாக வளைந்து கிடந்தது ஒரு நீர்ப்பரப்பு. ஆங்கிலேயர் அதை 'நீள ஏரி' என்ற பொருளில் அழைத்தனர். மவுண்ட் ரோடு அதன் கிழக்குக் கரையை ஒட்டி ஓடியது. மேற்கே தென்னிந்திய ரயில்வேயின் பாதை. முதல் உலகப் போருக்குப் பிறகு சென்னையில் வீட்டுப் பஞ்சம். 1920-ல் சென்னை நகரத் திட்டச் சட்டம் வந்தது. ரோட்டுக்கும் ரயிலுக்கும் நடுவே, விலை மலிவாக, ஒரே வீச்சில் கிடைக்கக்கூடிய பரப்பு எது என்று பார்த்தபோது கண்ணில் பட்டது ஏரி. 1923-25 வாக்கில் மாம்பலம் விரிவாக்கம் தொடங்கியது. ஏரியை வடித்து மனை போட்டார்கள். 1925-ல் மறைந்த பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயரைப் புதிய ஊருக்கு வைத்தார்கள். 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்ரயில் ஓடத் தொடங்கியதும் தியாகராய நகர் நிமிர்ந்துகொண்டது. இந்த விரிவாக்கத்தை அன்று யாரும் இன்றைய பெயரால் அழைக்கவில்லை. ஆனால் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் குடியிருப்பு, பூங்கா, கடைவீதி என்று இன்றைய கொள்கை கேட்கிற அத்தனையும் அங்கே இருந்தன.

இந்தத் தெருக்களின் பெயர்களை ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்கள். பனகல் பூங்கா, நடேசன் பூங்கா, டாக்டர் நாயர் சாலை, உஸ்மான் சாலை, பிற்பாடு சௌந்தரபாண்டியனார் பெயரில் கடைவீதி. பிராமணரல்லாதார் அரசியலின் முதல் தலைமுறை முழுவதும் அங்கே குடியேறியிருக்கிறது. சமூக நீதி பேசிய ஓர் ஆட்சி, வீடில்லாத நடுத்தர வர்க்கத்துக்கு வீடு தர விரும்பியது நியாயம்தான். அதைப் பழிக்க எனக்கு வாய் வராது. ஆனால் ஏரித் தண்ணீரை நம்பி அதன் கீழே பயிர் வைத்தவன், தோட்டக்கால்காரன், வெளுத்தவன், மீன் பிடித்தவன் பெயரில் ஒரு சந்து கூடக் கிடையாது. பெயர் சூட்டப்பட்ட நீதிக்கும் பெயரில்லாத இழப்புக்கும் இடையே உள்ள இந்த மௌனம்தான் நம் நகர வரலாற்றின் முதல் பாடம்.

ஏரி அவ்வளவு எளிதில் 'உபயோகமில்லாதது' ஆனது எப்படி? சென்னைக்குக் குடிநீர் 1872 முதல் செங்குன்றத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. தூரத்துத் தண்ணீர் குழாயில் வந்ததும், பக்கத்துத் தண்ணீர் கொசு வளர்க்கும் பள்ளமாகத் தெரிய ஆரம்பிக்கும். நான் இதை ஒரு விதியாகவே சொல்லத் துணிவேன். நுங்கம்பாக்கத்து ஏரி இருந்த இடத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. 2004-ல் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து 235 கிலோமீட்டர் குழாய் வழியாகச் சென்னைக்குத் தண்ணீர் போனது, எங்கள் மாவட்டத்தைத் தாண்டிக்கொண்டு. தன் ஏரியை விற்று வீடு கட்டிய நகரம், அடுத்தவன் ஏரியைக் குடிக்கிறது.

நன்மையை மறுபடியும் எடை போடுவோம். இன்றும் மாம்பலம் நிலையத்தில் இறங்கி, வண்டி வாகனம் எதுவுமில்லாமல், தீபாவளிக்குத் துணி எடுத்துக்கொண்டு போக முடிகிறது. 2019-ல் கடைவீதியின் ஒரு பகுதியை நடப்பவர்களுக்காக அகலமாக்கினார்கள். 2023 மே மாதத்தில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையத்துக்கு ஏறக்குறைய 570 மீட்டருக்கு ஆகாய நடைபாதை திறந்தார்கள். நடக்கிறவனுக்கு மரியாதை செய்கிற காரியம், நல்லது. ஆனால் 2021 நவம்பரில் பெய்த மழையில் அதே தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. வள்ளுவர் கோட்டப் பக்கத்திலிருந்து அடையாறுக்குப் போகிற மாம்பலம் கால்வாய் ஒன்றுதான் அந்த நீருக்கு மிச்சமிருக்கும் பெரிய வழி. ஏரி இருந்தால் தண்ணீர் நின்றதை ஏரி நிரம்பியது என்று சொல்லியிருப்போம். ஏரிக்குள் ஊர் இருப்பதால் வெள்ளம் என்கிறோம்.

4

மாம்பலம் வெள்ளைக்காரன் காலத்துக் கதை, சுதந்திரம் வந்த பிறகு புத்தி வந்திருக்கும் என்று நினைப்பவர்கள் பறக்கும் ரயிலைப் பார்க்க வேண்டும். 1995-ல் சேப்பாக்கம் வரை, 1997-ல் திருமயிலை வரை, 2004-ல் திருவான்மியூர் வரை, 2007-ல் வேளச்சேரி வரை என்று நீண்ட பாதை அது. பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயின் மீதே போகிறது. அடையாறையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்த் துண்டு, தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வழியில்லாமல் வந்தவர்களின் கூலி உழைப்பில் 1877-78-ல் வெட்டப்பட்டது. நூறு வருஷம் கழித்து அதே கால்வாய்க்குள் தூண்கள் இறங்கின. ஏன் கால்வாய்? தனியார் நிலத்தை எடுத்தால் விலை கொடுக்க வேண்டும், கோர்ட்டுக்குப் போவார்கள். கால்வாய் கோர்ட்டுக்குப் போகாது. அது அரசு நிலம். கணக்கில் அதன் விலை பூஜ்யம்.

என் வாதத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஏரி, ஓடை, கால்வாய், கழுவெளி ஆகிய இவற்றை நம் வருவாய்த்துறைப் பதிவேடு 'புறம்போக்கு' என்கிறது. வரி கட்டாத நிலம் என்பதுதான் அந்தச் சொல்லின் உள்ளர்த்தம். ஏரிக்கு மதகு உண்டு, கலங்கல் உண்டு, யாருக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்ற முறை உண்டு, அதைப் பார்த்துக்கொள்ள நீர்கட்டி உண்டு. ஊரின் பொருளாதாரமே அதற்குள் இருந்தாலும், வரி என்ற ஒரே கண்ணால் பார்க்கிற பதிவேட்டுக்கு அது வெற்றிடம். போக்குவரத்துத் திட்டத்துக்கு வேண்டியதோ நீளமான, தொடர்ச்சியான, விலையில்லாத, உரிமையாளர் ஒருவரேயான பரப்பு. இந்த நான்கும் ஒருசேர அமைந்தது நீர்வழி ஒன்றுதான். ஆக ரயில் ஏரியை மிதித்தது தற்செயல் அல்ல. திட்டக் கணக்கின் இலக்கணமே அதை அங்கே கொண்டுபோய் விடுகிறது.

பறக்கும் ரயிலால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. குறைந்த கட்டணத்தில் மாணவர்களும் மீன்கூடைக்காரப் பெண்களும் வீட்டுவேலைக்குப் போகிறவர்களும் அதில்தான் போகிறார்கள். ஆனால் நிலையங்களை வணிக வளாகமாக்கும் கனவில் கட்டிய பிரம்மாண்டமான கட்டடங்கள் வருஷக்கணக்கில் வெறிச்சோடிக் கிடந்தன. எதிர்பார்த்த வாடகை வரவில்லை. எதிர்பாராத இடத்தில் விலை ஏறியது. வேளச்சேரி ஏரியையும் பள்ளிக்கரணைச் சதுப்பையும் சுற்றி அடுக்குமாடிகள் எழுந்தன. 2015 டிசம்பரில் வேளச்சேரி தண்ணீரில் மிதந்தது. பள்ளிக்கரணையில் எஞ்சியிருந்ததை 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியலில் சேர்ந்தபோது சதுப்பின் பெரும்பகுதி ஏற்கனவே முகவரி எண்களாக மாறியிருந்தது.

அப்புறம் இடம் பெயர்ந்தவர்கள். கால்வாய்க் கரையிலும் ஆற்றங்கரையிலும் இருந்த குடிசைகளை 'நீர்வழி ஆக்கிரமிப்பு' என்று அகற்றி, 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தெற்கே கொண்டுபோய் வைத்தார்கள். நீர்வழியில் இருந்த குற்றத்துக்காக அகற்றப்பட்டவர்கள் மறுபடியும் தாழ்ந்த நிலத்திலேயே குடியேறினார்கள். கூடவே ரயிலையும் வேலையையும் விட்டு இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனார்கள். கார் வைத்திருக்கிறவர்கள் நிலையத்துக்கு அருகிலும், ரயில் இல்லாமல் வேலைக்குப் போக முடியாதவர்கள் நிலையத்துக்கு வெகு தொலைவிலும் வாழ்கிற விசித்திரம் இப்படித்தான் உற்பத்தியாகிறது. நகரத்தில் இப்போது 118.9 கிலோமீட்டருக்கு மெட்ரோவின் இரண்டாம் கட்டம் கட்டப்படுகிறது. பாதையோரத்தில் கூடுதல் மாடி கட்ட அனுமதி தருவது பற்றிய பேச்சு பலமாக இருக்கிறது. அந்தக் கூடுதல் மாடியில் யார் குடியிருப்பார்கள் என்ற பேச்சு அவ்வளவு பலமாக இல்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு நேரடியாகப் பட்டது கிளாம்பாக்கம். பாரிமுனையில் இறங்கிக்கொண்டிருந்தோம், 2002-ல் கோயம்பேட்டுக்குத் தள்ளினார்கள், 2023 டிசம்பர் 30 அன்று வண்டலூருக்கு அப்பால் 88 ஏக்கரில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தது. திறந்த நாளில் பக்கத்தில் ரயில் நிலையம் கிடையாது. மூட்டை முடிச்சோடு இறங்கி இன்னொரு பஸ் பிடித்து நகரத்துக்குப் போனோம். போக்குவரத்தை மையமாக வைத்த திட்டம் என்று சொல்லிக்கொண்டே, போகிறவனை ஓரத்தில் இறக்கிவிடவும் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

5

இனி செஞ்சிக்கு வருவோம்.

1597-ல் இங்கே வந்த ஏசு சபைப் பாதிரியார் பிமெந்தா, இந்தியாவில் தான் கண்ட நகரங்களில் இதுவே பெரிது என்றும், போர்த்துகலில் லிஸ்பனைத் தவிர இதற்கு ஈடான நகரம் இல்லை என்றும் எழுதிவைத்தார். நாயக்கர் காலம் அது. அந்த நகரம் எதன் மேல் நின்றது? ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை. மலையில் விழும் மழையைப் பிடிக்கக் குளங்கள், சுனைகள், செட்டிகுளம், சக்கரகுளம். கல்யாண மகாலுக்கு மண்குழாய் வழியாக ஏறிய தண்ணீர். பாறையிலிருந்து இறங்கும் நீரைப் பிடித்துவைத்த பிறகே சுவர் எழுந்தது. கிழக்கே புதுச்சேரி வாசல், வடக்கே வேலூர் வாசல். வழிகளும் வாசல்களும் இருந்தன. அவை குளத்தை மிதிக்கவில்லை. இதைச் சொல்வதால் நாயக்கர் ஆட்சியைப் பொற்காலமாக்குகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அந்தக் குளங்களை வெட்டியவர்களுக்கு அதில் இறங்கிக் குளிக்க உரிமை இருந்திருக்காது என்பதையும் அறிவேன்.

பிறகு பீஜப்பூர், 1677-ல் சிவாஜி, 1698 வரை எட்டு வருஷ முகலாய முற்றுகை, 1714-ல் தேசிங்கு ராஜா, 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். கோட்டைக்குத் தேவை போனது. கடற்கரைத் துறைமுகங்களுக்குத் தேவை வந்தது. வெங்கடரமணர் கோயில் பக்கத்துத் தூண்கள் புதுச்சேரிக்குப் போயின. இன்றும் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. ஒரு நகரத்தின் மறுசீரமைப்பு என்பது பல சமயம் இன்னொரு நகரத்தைப் பிரித்தெடுப்பதுதான்.

1870களின் பிற்பகுதியில் எழும்பூரிலிருந்து தெற்கே போட்ட ரயில் திண்டிவனம், விழுப்புரம் என்று போனது. 1890களின் தொடக்கத்தில் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு இன்னொரு பாதை. வரைபடத்தில் பார்த்தால் மூன்று பக்கமும் ரயில், நடுவில் செஞ்சி. தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சுக்குக் கப்பலேறிய காலத்தில், செஞ்சி மல்லாட்டை மாட்டு வண்டியில்தான் நிலையம் வரை போனது. ரயில் சந்திப்பான விழுப்புரம் 1993-ல் மாவட்டத் தலைநகரானது. லிஸ்பனுக்கு ஈடான செஞ்சி வட்டத் தலைநகரானதோடு சரி.

இந்தப் புறக்கணிப்பின் இன்னொரு பக்கம் என்னவென்றால், எங்கள் ஏரிகள் பிழைத்தன. வளர்ச்சி வராததால் பிழைத்த ஏரிகள் என்று இவற்றைச் சொல்லலாம். சொன்னால் அது பாதி உண்மை. திண்டிவனம்–கிருஷ்ணகிரி சாலையை அகலப்படுத்தியபோது நிழல் தந்த புளியமரங்கள் போயின. சாலையோரம் முழுக்க மனைக்கல். ரயில் வராவிட்டால் ஏரி பிழைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரயில் ஒரு நிலையத்தைச் சுற்றி நிலத்தைக் கேட்கும். சாலை தன் நீளம் முழுவதும் கேட்கும். நன்மை தீமை எடை போடுகிறவர்கள் ஒரு தட்டில் ரயிலையும் மறு தட்டில் பழைய பசுமையையும் வைக்கிறார்கள். மறு தட்டில் உண்மையில் இருப்பது நான்குவழிச் சாலையும் இருபுறமும் நீளும் மனைப்பிரிவும்தான். அந்தக் கணக்கில் ரயிலே ஜெயிக்கும் என்பது என் எண்ணம்.

6

ஆனால் எந்த ரயில்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. எங்களுக்கு அடுத்த மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை. ஒரு வருஷத்து மழையில் பாதி, ஒரு நாளில். சங்கராபரணி இரு கரையும் புரண்டது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் தென்மாவட்ட ரயில்களை நிறுத்தினார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் தேர்ந்தெடுத்த பாதையிலேயே கதி இது. செஞ்சி மலைகளில் இறங்கும் தண்ணீர் பொதுவாகத் தென்கிழக்கே போகிறது. ஒரு ஏரியின் கலங்கலில் வழிந்தது அடுத்த ஏரிக்கு வரத்தாகி, தாங்கல் தாங்கலாக இறங்கி, சங்கராபரணியிலும் தொண்டியாற்றிலும் சேர்ந்து வீடூர் அணைக்குப் போகும். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்கு மேற்கே போகிற ஒரு ரயில் மேடு இந்தச் சங்கிலிக்குக் குறுக்கே கிடக்கும். மேட்டில் எத்தனை கண் திறந்துவிடுகிறார்கள், எவ்வளவு அகலத்துக்கு என்பதுதான் மேலே எத்தனை கழனி மூழ்கும், கீழே எத்தனை ஏரி காயும் என்று தீர்மானிக்கும். இது பொறியாளர் மேசையில் முடிகிற சின்ன விவரமாகத் தெரியும். எங்களுக்கு அதுதான் அரசியல்.

இன்னொன்று சட்டம். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டத்தைப் பேரவை விவாதமில்லாமலே நிறைவேற்றியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டப் பரப்புக்குள் ஏரியோ ஓடையோ கால்வாயோ இருந்தால், நிபந்தனைகளுடன் அந்த அரசு நிலத்தைத் திட்டத்தோடு ஒருங்கிணைத்து மாற்றிக்கொள்ள அது வழி செய்கிறது. ஏரியைக் காக்க 2007-ல் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் போட்ட அதே பேரவைதான். குடிசைக்காரன் ஏரிக்குள் இருந்தால் ஆக்கிரமிப்பு. திட்டம் ஏரிக்குள் இருந்தால் ஒருங்கிணைப்பு. 2025 ஜூலையில் மராட்டிய இராணுவ நிலக்காட்சிகள் என்ற தொகுதியில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பன்னிரண்டு கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். சுவருக்குக் காவல் கிடைக்கும். சுவருக்கு வெளியே இருக்கிற ஏரிக்கு ஓட்டல்காரர்கள் வருவார்கள்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தபோது தங்கச்சி மகள் வந்திருந்தாள். விழுப்புரத்தில் கல்லூரி. இரண்டு பஸ் மாறிப் போகிறாள். படித்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க ஏரியப் பத்தி எழுதுங்க மாமா. நான் காலைல அஞ்சு மணிக்கு எழுந்திரிக்கிறேன். பஸ்ஸு படிக்கட்டுல தொங்கறவனுங்க நடுவுல நின்னுகினு போறேன். எனக்கு டிரெய்ன் வேணும்." இதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. சூழலியம் பேசுகிற எந்தக் கட்டுரையும் இந்தப் பெண்ணின் அதிகாலையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்றால் அது ஓய்வு பெற்றவர்களின் ஏக்கம் மட்டுமே. அதே மாதிரி, ஏரி மனையானால் நடவும் களையெடுப்பும் போய்விடுகிற காலனிப் பெண்களை ரயில் ஆதரவாளர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. கழனிக்காரனுக்கு விலை கிடைக்கும். தம்பிக்குக் கிடைக்கும், எனக்கும் கிடைக்கும். நிலமில்லாமல் அந்த நிலத்தில் வேலை செய்தவருக்கு அந்த விலையில் பங்கு கிடையாது. நன்மை தீமைத் தராசு என்கிற பெருங்கதையாடலின் மோசடி இதுதான்: நன்மை ஒரு ஆளுக்கும் தீமை இன்னொரு ஆளுக்கும் போவதை, இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரே எண்ணாக்கி மறைத்துவிடுகிறது.

ஆகவே எங்கள் கோரிக்கை எளிமையானது. ரயில் வரட்டும். நிலையம் ஏரி ஆயக்கட்டில் வேண்டாம். செஞ்சியைச் சுற்றிப் பாறையும் கரம்பும் வேண்டிய மட்டும் இருக்கிறது. பாதை அறிவிப்புக்கு முன்னாலேயே ஏரி, வரத்துக் கால்வாய், கலங்கல், ஆயக்கட்டு எல்லைகளை அளந்து ஊரில் படித்துக்காட்டட்டும். நிலமதிப்பு ஏறுவதில் அரசு வாங்கும் பங்கில் ஒரு பகுதி ஏரி தூர்வாரவும், நிலையத்துக்குப் பக்கத்திலேயே நிலமில்லாதவர்களுக்கு வீடு கட்டவும் போகட்டும். மாம்பலத்தில் 1923-ல் இதைக் கேட்க ஆளில்லை. கேட்டிருந்தாலும் எழுதிவைக்க ஆளில்லை.

அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்கப் போகிறேன். 60 சென்ட் விஷயத்தில் தம்பிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அவனும் சபைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான், எதிர்த்துப் பேச. தங்கச்சி மகள் யார் பக்கம் என்று கேட்டேன். நேரத்துக்கு பஸ்ஸு வந்தா வர்றேன் என்றாள்.